ஐந்து மணி நாற்பது மணித்துளி

மேலாளர் என் மனுவை இரண்டு முறை படித்தார். முதல் முறை கண்களால் மட்டும். இரண்டாம் முறை உதடுகள் அசைய. அவருடைய மேசைக்கு எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். அம்மாவிடம் வேலை வாங்கும் மேஸ்திரி உட்காரவில்லை. ஈரக் குடையை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று முடிவு செய்ய இயலாதவராகக் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

ஆவணியோ புரட்டாசியோ, சரியாக நினைவில்லை. பல நாட்களாக விடாத மழை. அறையில் ஈரக் கம்பளியின் வாடையும் பினாயிலின் நெடியும் கலந்திருந்தன. அம்மா தன் வலக் கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். இரண்டு மாதங்களாக அந்தக் கையில் கட்டு இருந்தது. கட்டு அழுக்காக இருந்ததால் மறைத்தாளா, அலுவலகத்துக்குள் அதைக் காட்டுவது மரியாதை இல்லை என்று மறைத்தாளா என்பதை நான் கேட்கவில்லை.

மனு கேட்டது ஒன்றுதான். குப்பை அள்ளும் வேலையில் இருக்கும்போதுதான் அம்மாவின் கை அறுபட்டது என்று, எங்கள் ஊரின் குப்பை ஒப்பந்தத்தை எடுத்திருந்த அந்த நிறுவனம் எழுதி முத்திரை வைத்துத் தர வேண்டும். அந்த ஒரு தாள் இருந்தால் வேலைக்குப் போகாத நாட்களுக்குக் காப்பீட்டிலிருந்து பணம் வரும். கை பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால் மாதந்தோறும் ஒரு சிறு தொகையும் வரும். தாள் இல்லையென்றால் ஒன்றும் வராது.

"யாருங்க எழுதினது?" என்று மேலாளர் கேட்டார்.

"எம் பொண்ணுங்க. தமிழ் எலக்கியம் படிக்குதுங்க" என்றாள் அம்மா.

"நல்லா எழுதியிருக்கீங்க. எங்க ஆபீசுல ஒருத்தருக்கும் இப்படி எழுத வராதுங்க."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பிறகு அவர் ஒரு பென்சிலை எடுத்து, இரண்டாம் வரியில் ஒரு சொல்லைத் தொட்டார். "மணித்துளின்னா நிமிசந்தானுங்களே?"

"ஆமாங்க."

அந்தச் சொல்லின் அடியில் மெல்லிய கோடு ஒன்று விழுந்தது.

ஒரு வாசகரின் கேள்வி

இத்தொடரைத் தொடக்கத்திலிருந்து படித்து வரும் வாசகர் ஒருவர், 'அம்மாவின் வேலையைப் பற்றி எழுதுகிறீர்கள், சம்பளத்தைப் பற்றி எழுதுவதில்லை, ஏன்?' என்று கேட்டிருந்தார். வெட்கம்தான் காரணம். வேறு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

அம்மாவின் நாள் கூலி நானூறு ரூபாய்க்குக் கீழே. வராத நாளுக்குக் கூலி இல்லை. காய்ச்சலும் வராத நாள்தான், ஊர்த் திருவிழாவும் வராத நாள்தான். சேமநிதி என்று மாதந்தோறும் ஒரு தொகையைப் பிடிப்பார்கள். அது எங்கே சேர்கிறது என்று கேட்டவர்களுக்கு, ஒப்பந்தம் கை மாறும்போது தெரியும் என்று பதில் வந்தது. ஒப்பந்தம் இரண்டு முறை கை மாறியது. கடைசியில் அம்மாவின் கைக்கு வருவது பத்தாயிரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். அதுவும் முதல் வாரத்தில் வந்தால், அன்று மேஸ்திரிக்கு யாராவது தேநீர் வாங்கித் தருவார்கள்.

இந்தக் கூலிக்கு என்ன வேலை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையே, ஒரு சரிவில் தொற்றிக்கொண்டிருக்கிறது. பெயரை நான் எழுதுவதில்லை. சமவெளியில் தள்ளுவண்டியைத் தள்ளுவார்கள். இங்கே நிறைந்த வண்டியைக் கீழே இறக்குவதற்குள் உயிர் போய்விடும். கைப்பிடியில் ஒரு கயிற்றைக் கட்டி அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலை ஊன்றி ஊன்றி அம்மா இறங்குவாள். மழைக்காலத்தில் ஒவ்வொரு பையும் தண்ணீர் குடித்து இரண்டு பையின் கனம் கனக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் அவள் பின்னால் சாய்ந்தே நடப்பாள்.

அம்மாவின் பெற்றோரும் கீழ்நாட்டிலிருந்து மலைக்கு வந்தது விளக்குமாறு பிடிக்கத்தான். நடுவில் அம்மா சில ஆண்டுகள் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தாள். அப்பா போன பிறகு (அதை முன்பே எழுதிவிட்டேன்) எஸ்டேட்டில் கொடுத்திருந்த வீடும் போயிற்று. பழைய வேலைக்கே வந்து சேர்ந்தாள். அரசாங்கம் இப்போது இந்த வேலைக்கு 'தூய்மைப் பணி' என்று பெயர் வைத்திருக்கிறது. அம்மாவின் சீருடை முதுகில் அந்தப் பெயர் அச்சிட்டிருக்கும். தெருவில் அவள் மணியடித்ததும் உள்ளிருந்து கேட்கும் குரல் வேறு: "ஏம்மா, குப்பை வந்திருச்சு பாரு."

கல்லூரியில் ஆகுபெயர் நடத்தியபோது ஆசிரியை எடுத்துக்காட்டுக் கேட்டார். என்னிடம் ஒன்று இருந்தது. நான் கையைத் தூக்கவில்லை.

தட்டிவிட்டுத் திறப்பது

எங்கள் ஊர்த் தூய்மைப் பணியாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெரிய இரும்புத் தொட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு கழியால் அதன் பக்கவாட்டில் மூன்று முறை தட்டுவார்கள். தட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். இரவில் இறங்கி வந்த கரடி சில நாட்களில் விடிந்த பின்னும் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அதற்கு வெளியே போக வழி விட வேண்டும்.

அம்மாவுக்கு அடுத்த தெருவில் வேலை செய்தவள் ராணியக்கா. அம்மாவைவிட ஐந்தாறு வயது மூத்தவள், வாய் ஓயாதவள், என்னைத் 'தமிழ் டீச்சர்' என்றுதான் கூப்பிடுவாள். கரடி என்றால் அவளுக்குப் பயமில்லை, எரிச்சல்தான். "அவனுக்கு மஸ்டரும் இல்ல, மேஸ்திரியும் இல்ல. நெனச்ச நேரத்துக்கு வர்றான், வேணுங்கறதைத் திங்கறான், போறான். நாம அவன் போட்டதை வழிக்கறோம்" என்பாள்.

மஸ்டர் என்றால் காலை வருகைப் பதிவு. சரியாக ஆறு மணிக்கு, கடைத்தெருவின் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் எடுப்பார்கள். பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகுதான் அலமாரியைத் திறந்து கையுறைகளைத் தருவார்கள். கையுறைகள் ஆண்களின் அளவு. அம்மாவின் விரல் முடிந்த பிறகும் ஓர் அங்குலம் ரப்பர் வெறுமையாகத் தொங்கும். இருந்தாலும் அது கையுறை. ஆறு மணிக்கு முன் அதுவும் கிடையாது.

ஆனால் யாரும் ஆறு மணிக்கு வருவதில்லை. எல்லாரும் ஐந்தேகாலுக்கும் ஐந்தரைக்கும் இடையில் வந்துவிடுவார்கள். அதற்குக் காரணம் காலிப் புட்டி.

பத்து ரூபாய்

மலையில் காட்டு விலங்குகளின் கால்களை உடைந்த கண்ணாடி அறுக்கிறது என்பதற்காக, மதுக்கடையில் வாங்கிய புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தரும் திட்டம் இங்கே நடக்கிறது. புட்டியில் ஒட்டிய சீட்டு கிழியாமல் இருக்க வேண்டும். சுற்றுலா வந்தவர்கள் பத்து ரூபாய்க்காகத் திரும்பி நடப்பதில்லை. விடுதியின் தொட்டியிலோ தேயிலைப் புதரிலோ எறிந்துவிட்டுப் போகிறார்கள். கோடைப் பருவத்தில் அம்மாவின் தெருவில் ஒரு காலைக்கு எட்டுப் பத்துப் புட்டிகள் கிடைக்கும். மழைக்காலத்தில் இரண்டு, மூன்று.

தொட்டியைத் தாமதமாகத் திறந்தால், பழைய பொருள் வாங்குபவர்கள் முந்திக்கொள்வார்கள். மஸ்டருக்குப் பிறகு பொறுக்கலாம் என்றால், வேலை நேரத்தில் புட்டி பொறுக்குவதாக மேஸ்திரி திட்டுவார். ஆகவே, ஆறு மணிக்கு முன்னால். மேஸ்திரிக்கும் இது தெரியும். தெரியாதவர்போல இருப்பதில் அவருக்கு ஓர் ஆதாயமும் இருந்தது: புட்டிக்காகக் கிளறும்போதே அவர்கள் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துவிடுவார்கள். ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய வேலையில் பாதி, ஆறு மணிக்குள் முடிந்திருக்கும்.

என் முதலாண்டுக் கல்லூரிக் கட்டணத்தில் பெரும்பகுதி அந்தப் புட்டிகள்தாம். அம்மா அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நானாகத் தெரிந்துகொண்டேன்.

அம்மாவின் தெருவில், வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். வீட்டில் ஒரு கோப்பை உடைந்தால்கூட நாளிதழில் சுற்றி, நூல் கட்டி, மேலே 'கண்ணாடி' என்று எழுதி வைப்பார். அவ்வளவு பெரிய தெருவில் அவர் ஒருவர்தான்.

இடக் கையால் கழுவிய அரிசி

அன்று நான் கல்லூரியிலிருந்து வந்தபோது அம்மா இடக் கையால் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். வலக் கையில் ஒரு பழைய சேலைத் துண்டு சுற்றியிருந்தது. துணி முழுக்கக் கறுத்துக் காய்ந்திருந்தது.

கேட்டதற்கு, பையில் உடைந்த புட்டி இருந்தது, கட்டைவிரலின் அடியில் கொஞ்சம் கிழித்துவிட்டது என்றாள். பிறகு என்ன செய்தாய் என்று கேட்டேன். கட்டிக்கொண்டு போய் மஸ்டரில் கையெழுத்துப் போட்டாளாம். பதினொரு மணி வரை தெருவை முடித்தாளாம். நடுவில் போயிருந்தால் அரை நாள் கூலி போயிருக்கும். மேஸ்திரி கொஞ்சம் மருந்து ஊற்றினார் என்று நன்றியோடு சொன்னாள்.

மூன்றாம் நாள் உள்ளங்கை வீங்கியது. மருத்துவர் அம்மாவின் கட்டைவிரலை மடக்கச் சொன்னார். அவள் அதையே உற்றுப் பார்த்தாள், அது அசையவில்லை. வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். தசைநாண் அறுந்திருக்கிறது, அன்றைக்கே வந்திருந்தால் எளிதாகத் தைத்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். தசைநாண் என்ற சொல்லை நான் பள்ளிப் பாடநூலுக்குப் பிறகு அப்போதுதான் கேட்டேன். அம்மாவுக்கு அது விளங்கவில்லை. 'நரம்பா?' என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றேன்.

கோயம்புத்தூருக்குப் போய் அறுவை செய்துகொண்டு வந்தோம். விரல் ஒட்டியது, மடங்கவில்லை. பொத்தான் போட, தீப்பெட்டியைப் பிடிக்க, விளக்குமாற்றின் கழுத்தை இறுக்க எல்லாவற்றுக்கும் அந்த விரல்தான் வேண்டியிருந்தது என்பதை நாங்கள் ஒவ்வொன்றாக அறிந்தோம். என் தலையைப் பின்னிவிட அவள் ஒருநாள் முயன்றாள். பாதியில், நேரமாச்சு, நீயே முடிச்சுக்கோ என்று சொல்லி எழுந்து போனாள். அன்று ஞாயிற்றுக்கிழமை.

மனு எழுதியது

நிறுவனத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தால் அவர்கள் விபத்துப் படிவத்தை நிரப்பி அனுப்புவார்கள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ராணியக்காவுக்கு ஒரே குதூகலம். "நம்மகிட்ட டீச்சரே இருக்குது. மத்தவிய மாதிரி செராக்ஸ் கடைக்காரன்கிட்ட இருவது ரூவா குடுத்து எழுதணுமா என்ன?" என்றாள்.

நான் மூன்று நாட்கள் எழுதினேன். மூன்று படிகள். முதற்படியில் கெஞ்சல் மிகுந்திருந்தது, கிழித்தேன். இரண்டாம் படியில் கோபம் தெரிந்தது. மூன்றாம் படியில் இரண்டும் இல்லை. நடந்தது மட்டும் இருந்தது. ஒரு மனு நம்பப்பட வேண்டுமானால் அதில் இடமும் நாளும் நேரமும் ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைத்தேன்.

எத்தனை மணிக்கு என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வெள்ளன. விடியறதுக்கு முன்னாடி."

சரியாகச் சொல் என்றேன்.

"அஞ்சே முக்கால் இருக்கும். மணியெல்லாம் எதுக்குக் கண்ணு? அடிபட்டுச்சுன்னு எழுது, போதும்."

மணி இல்லாவிட்டால் மனு முழுமை ஆகாது என்று அவளுக்கு விளக்கினேன். ஐந்தே முக்கால் இருக்கும் என்பதும் எனக்குப் போதவில்லை. கை அறுபட்டபோது என்ன ஓசை கேட்டது, யார் போனார்கள் என்று கேட்டேன். அவள் கண்ணை மூடி யோசித்து, மேட்டுப்பாளையம் போகும் முதல் பேருந்து வளைவில் ஒலி எழுப்பியது, அந்த விளக்கு வெளிச்சத்தில்தான் ரத்தத்தைப் பார்த்தேன் என்றாள். மறுநாள் காலை அந்த வளைவுக்குப் போய், கைப்பேசியோடு நின்று, பேருந்து வரும் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். பிறகு எழுதினேன்: 'காலை ஐந்து மணி நாற்பது மணித்துளி அளவில், மேல்தெருத் தொட்டியிலிருந்து கழிவுகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது.'

'நிமிடம்' என்பதைவிட 'மணித்துளி' எனக்கு நிறைவாக இருந்தது.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், ஆனால் நான் படிக்கக் கேட்பதில் அவளுக்கு விருப்பம். முழுவதும் கேட்டுவிட்டு, நல்லாருக்குது என்றாள். இடக் கையால் கோணலாகக் கையெழுத்திட்டாள்.

கொடுக்கப் போனபோது அங்கிருந்த எழுத்தர் அதை வாங்கி மேசை இழுப்பறையில் போடப் பார்த்தார். நான் விடவில்லை. பதிவு எண் போட்டு, முத்திரை வைத்த நகல் ஒன்று வேண்டும் என்று கேட்டு, அரை மணி நேரம் நின்று வாங்கினேன். என் வாழ்நாளில் ஓர் அலுவலகத்தில் நான் குரலை உயர்த்திய ஒரே நாள் அதுதான்.

மேசைக்கு எதிரே

பென்சில் கோடு விழுந்த பிறகு மேலாளர் என்னைப் பார்க்கவில்லை. கதவருகே நின்ற மேஸ்திரியைப் பார்த்தார்.

"மஸ்டர் ஆறு மணிக்குத்தானுங்களே?"

"ஆமாங்க சார்."

"அப்ப அஞ்சு நாப்பதுக்கு இவங்களுக்கு அங்க என்ன வேலை?"

கூரைத் தகரத்தில் மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது. பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்வதுபோல அம்மாதான் சொன்னாள்.

"பாட்டல் பொறுக்கிட்டு இருந்தனுங்க. எல்லாரும் பொறுக்கறதுதானுங்க. மேஸ்திரிக்கும் தெரியுமுங்க."

மேஸ்திரி குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அவருக்கும் நிறுவனத்தில் ஓராண்டு ஒப்பந்தம்தான்.

"நான் தப்புன்னு சொல்லலீங்கம்மா" என்றார் மேலாளர். "அது உங்க விருப்பம். ஆனா அது கம்பெனி வேலை இல்லீங்களே. வேலை நேரத்துல அடிபட்டதுன்னு நான் எப்படிங்க எழுதறது? உங்க பொண்ணே மணி போட்டுக் குடுத்திருக்குது."

அவர்கள் குப்பையையும் பிரித்தார்கள், பிரிப்பது வேலைதான் என்று நான் சொன்னேன். என் குரல் எனக்கே பாடநூலிலிருந்து வருவதுபோலக் கேட்டது. ஆறு மணிக்கு மேல் அது வேலைதான் என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

பிறகு மனுவைத் திருப்பி, முதல் பக்கத்தின் மூலையில் இருந்த பதிவு எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார்.

"வெறும் அடிபட்டுச்சுன்னு மட்டும் எழுதியிருந்தா, நானே ஆறரைன்னு போட்டு அனுப்பியிருப்பேனுங்க. எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கேன். இது நம்பர் போட்ட காயிதமாப் போச்சு. மேல ஆடிட்டுக்குப் போகும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் இரக்கமில்லாதவர் என்று சொல்லிவிட்டால் இதை எழுதுவது எளிதாகும். அப்படிச் சொல்ல முடியவில்லை. அம்மாவுக்குத் தேநீர் வரவழைத்தார். மற்றவர்களுக்கு வந்த அதே கண்ணாடிக் கோப்பையில் வந்தது. அம்மா அதை இடக் கையால் எடுத்து, யாரும் பார்க்காதபோது குடித்தாள்.

இரண்டாம் கடிதம்

கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒரு வழி சொன்னார். தெரு வேலைக்கு இனி அம்மாவால் ஆகாது. ஊருக்கு வெளியே பிரிப்புக் கொட்டகையில் உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று இருக்கிறது, கூலி குறைவு. அதில் வைத்துக்கொள்ள நிறுவனம் சம்மதிக்கும். ஆனால் பின்னால் பிரச்சினை வரக் கூடாது. ஆகவே, காயம் பணி நேரத்துக்கு வெளியே, சொந்த வேலையின்போது ஏற்பட்டது, அதற்காக நிறுவனத்திடம் எதுவும் கேட்கமாட்டேன் என்று ஒரு கடிதம் வேண்டும்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "எழுது கண்ணு."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வேறு எங்காவது முறையிடலாம் என்று சொல்ல நினைத்தேன். அம்மா கூரைமேல் பெய்யும் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மாதங்களாக வீட்டில் கூலி இல்லை.

மேலாளர் வெள்ளைத் தாளை நீட்டினார். நான் எழுதினேன். முதல் மனுவுக்கு மூன்று நாட்கள் ஆயின. இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அடித்தல் திருத்தல் இல்லை. 'நான்' என்று அம்மாவின் குரலில் எழுதினேன். நேரத்தை எழுதும் இடம் வந்தபோது கை நின்றது. அதே மணியைப் போட்டுவிடுங்கள் என்றார் அவர். போட்டேன். இரண்டு கடிதங்களிலும் ஒரே நாள், ஒரே இடம், ஒரே நேரம். இரண்டிலும் ஒரு பொய் இல்லை.

இந்த முறை 'நிமிடம்' என்று எழுதினேன்.

வெளியே வந்ததும் மேஸ்திரி எங்களுக்குக் குடையைக் கொடுத்தார். அம்மா வாங்கிக்கொண்டாள். நான் நனைந்தபடி நடந்தேன். நான் மணி போட்டதைக் குறித்து அம்மா அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, அதன் பிறகும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பதில் ஒன்றைத் தேடியிருப்பேன்.

செய்தியைக் கேட்ட ராணியக்கா எங்கள் வாசலில் நின்று மலையையே ஏசினாள். "அஞ்சு நாப்பதுக்கு நாம மனுசரு இல்லீங்களா? ஆறு அடிச்சாத்தான் ரத்தம் செவப்பா வருமா?" என்றாள். அன்று அவள் என்னை டீச்சர் என்று கூப்பிடவில்லை.

ராணியக்காவின் கால்

அம்மா பிரிப்புக் கொட்டகைக்குப் போகத் தொடங்கி மூன்று மாதம் இருக்கும். புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும் காலம். அங்கே நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து, ஊர்க் குப்பையை இடக் கையால் பிரிக்கிறாள். அழுகலின் சூடு எழும்புவதால் குளிர் தெரிவதில்லை என்கிறாள். இடக் கையில் இப்போது புதுப் புதுக் கீறல்கள். இரவில் அவற்றை என்னிடம் காட்டாமல் எண்ணெய் தடவிக்கொள்கிறாள்.

அப்போது ஒருநாள் ராணியக்காவின் வண்டி சரிவில் நழுவி அவள் பாதத்தின் மேல் ஏறியது. இரண்டு எலும்புகள் முறிந்தன. நேரம், விடிவதற்கு முன். அவளும் புட்டிக்குத்தான் போயிருந்தாள்.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். பெயரை மாற்றியிருக்கிறேன். அவள் இப்போது இந்த மலையிலும் இல்லை. திருப்பூரில் மகளோடு இருக்கிறாள்.

மாவுக்கட்டோடு, மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்தாள். மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். செராக்ஸ் கடைக்காரர் எழுதிக் கொடுத்த மனு. என்னிடம் நேராக நீட்டாமல் அம்மாவின் மடியில் வைத்தாள்.

"கோவிச்சுக்காத அம்மிணி. உனக்கு எதுக்குச் செரமம்னுதான் அவன்கிட்டப் போனேன். குடுக்கறதுக்கு முன்னால ஒருக்கா பாத்துச் சொல்லு, போதும்."

அம்மா தாளை எடுத்து என்னிடம் தந்தாள்.

எட்டு வரிகள். எழுத்துப் பிழைகளை எண்ணினேன். அது என் பழக்கம். பதினொன்று. 'காலை' என்பது 'காளை' ஆகியிருந்தது. 'விபத்து' என்பதில் ஒற்று இல்லை. மணி ஆறரை என்று, பெரிய எண்களில், அழுத்தமாக எழுதியிருந்தது. அதற்கு அடுத்த வரியில், 'நான் பணி நேரத்தில் இருந்தபோது' என்று எழுத வேண்டிய இடத்தில், 'நான் பனி நேரத்தில் இருந்தபோது' என்று இருந்தது.

பேனா என் கையில்தான் இருந்தது. அந்த ஒரு சுழியைச் சேர்த்தால் போதும். நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ராணியக்கா என் முகத்தைப் பார்க்காமல் தன் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகன் வெளியே செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"சரியா எழுதியிருக்கானா கண்ணு?" என்று அம்மா கேட்டாள்.

தாளை மடித்து ராணியக்காவின் கையில் கொடுத்தேன்.

"சரியா எழுதியிருக்காரும்மா."